நிலாவின் பின்புறம்

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன் நான்.
ஊர் எழுவதற்குள்
சாலை எங்கே இருந்தது என்று
தேடிக் கண்டெடுத்துக் கொடுக்கிறவன்.
"இருட்டில் வேலை உனக்குப் பழக்கம்தானே"
என்று தபாலாபீஸ் வரிசையில் வைத்து
என் பெயரை எழுதிக்கொண்டாள் யூஃபீமியா.
மறுநாள் ஒரு கறுப்புச் சட்டை வந்தது.
தோள் இரண்டு விரல் பெரிசு.

கேப் பிரெட்டன் கரையில்
பழைய படைவீரர் சங்கக் கூடம்.
மடக்கு நாற்காலி நூற்று நாற்பது.
கதை உள்ளூரில் எழுதியது:
மீன் ஆலையில் வேலைநிறுத்தம்,
நடுவில் ஒரு காதல், பதினோரு பாட்டு.
பியானோவில் ஒரு கட்டை ஊமை;
அந்த இடம் வரும்போது
எல்லோரும் கொஞ்சம் சத்தமாகப் பாடினார்கள்.

என் வேலை நிலா.
ஒட்டுப்பலகையில் வட்டம், சுற்றிலும் பல்பு.
ஏழாம் பாட்டு தொடங்கியதும் கயிற்றை இழுத்து
பாட்டு முடியும்போது
ஆலைக் கூரைக்கு மேலே நிறுத்த வேண்டும்.
நிலாவின் பின்புறத்தைப் பார்த்தவர் சிலரே.
அங்கே சிவப்பு எழுத்தில்
"உருளைக்கிழங்கு மலிவு" என்றிருக்கும்.

பக்கத்திரைக்குப் பின்னால்
எல்லோரும் பூனை நடை நடப்பார்கள்.
டெல்ஃபீன் வாய் நிறைய ஊக்கு;
நாற்பது வினாடியில்
மீன் அறுக்கிறவளைக் கழற்றி மணப்பெண்ணை மாட்டுவாள்.
மருந்துக்கடை தாடியஸ் பொருள்மேசைக்குக் காவல்.
கத்தி, கடிதம், ரப்பர் மீன்,
ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸில் ஒரு கட்டம்.
கட்டம் காலியாக இருந்தால்
மனிதர் தன் மாத்திரையையே தேடுவார்.

தொழிற்சங்கத் தலைவராக நடித்தவர்
எங்கள் வங்கி மேலாளர் கில்லிஸ்.
போன வருஷம்
எனக்குக் கடன் இல்லை என்று சொன்ன அதே கில்லிஸ்.
முதல் இரவு, அழைப்புக்கு முன்,
இருட்டில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.
உள்ளங்கை ஈரம்.
"முதல் சொல், முதல் சொல் என்ன?"
அவர் காதில் சொன்னேன்:
"தோழர்களே."

இரண்டாம் இரவு
முடிச்சு கப்பியில் போய்ச் சிக்கியது.
நிலா கூரைக்குப் பாதியில் நின்றுவிட்டது.
வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தேன்.
கயிறு கட்டும் முளை
சுவரோடு பெயர்ந்து வந்தது என் காலடியில்.
கையை விட்டால் நிலா மோராக்கின் தலையில்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.
பாடலில் ஒரு மூச்சளவு இடைவெளி.
பிறகு அந்தப் பாதியைப் பார்த்தே
அடுத்த அடியைப் பாடினாள், மெதுவாக,
இப்படித்தான் ஒத்திகை பார்த்ததுபோல.
கூடத்தில் இருமல்கூட இல்லை.

இன்னும் நான்கு பாட்டு மிச்சம்.
விரல்கள் என்னுடையவையாக இல்லை.
யாரோ என் பின்னால் வந்து
கயிற்றின் வாலைப் பிடித்தார்கள்.
வாசனையில் தெரிந்தது யூஃபீமியா:
இருமல் மிட்டாய்.
ஊக்குகளைத் துப்பிவிட்டு டெல்ஃபீன்.
மேசையை முதல் தடவையாக விட்டுவிட்டு
தாடியஸ்.
நான்கு பேருமாக
உருளைக்கிழங்கு மலிவைத் தாங்கி நின்றோம்.

கடைசியில்
மேடையில் இருந்தவர்கள் கை நீட்டி
எங்கள் இருட்டைக் காட்டினார்கள்.
கைதட்டல் உள்ளே வந்தது.
திருப்பித் தட்டவோ தலை குனியவோ
ஒருவருக்கும் கை காலி இல்லை.
ரப்பர் மீன் எங்கே போனதென்று
இன்றுவரை தெரியாது.

திங்கள் விடிகாலை நான்கு மணி.
முழங்கால் பனி. வண்டியில் நான் மட்டும்.
துறைமுகத்துக்கு மேலே
ஒரு பக்கம் சாய்ந்த நிலா.
கயிறு அறுத்த உள்ளங்கை
ஸ்டியரிங்கை விட்டு
கீழ்நோக்கி ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தது.
அசையவில்லை.
அதை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள்.

கில்லிஸ் வீட்டு வாசலில்
வண்டி ஒதுக்கிய பனி வரப்பாய் மேடிட்டு நின்றது.
பின்னால் வந்து அதையும் தள்ளிவிட்டேன்.
மாடி ஜன்னலில் இரவு உடுப்போடு அவர்,
தூக்கக் கலக்கத்தில்
முஷ்டியை உயர்த்தினார்.
கடனைப் பற்றி
நாங்கள் இன்னும் பேசவில்லை.